நாடிழந்த மன்னரும் நிலமில்லா வீரரும்

1166ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் நாள், அயர்லாந்தின் தென்கிழக்கில் உள்ள லென்ஸ்டர் நாட்டின் மன்னர் டெர்மட் மக்மரோ நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். அந்தக் காலத்தில் லென்ஸ்டரில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த பெருஞ்சுவடி ஒன்றின் ஓரத்தில், 'மன்னரைக் கடல்கடந்து விரட்டிவிட்டார்களே, ஆண்டவரே, இனி நான் என்ன செய்வேன்' என்னும் பொருளில் யாரோ எழுதிவைத்த புலம்பல் இன்றும் இருக்கிறது. ஏறக்குறைய அதே ஆண்டில், நார்மண்டியின் எல்லைப்புற ஊர் ஒன்றில், வில்லியம் மார்ஷல் என்ற இருபது வயது இளைஞருக்கு இடையில் வாள் கட்டி, 'நைட்' எனப்படும் கவசக் குதிரைவீரராக ஆக்கினார்கள். அவருக்குக் காணி நிலம்கூடக் கிடையாது. முதல் சண்டையிலேயே போர்க்குதிரை செத்துப்போனதால், நைட் ஆனபோது கிடைத்த மேலாடையை விற்றுச் சாதாரணக் குதிரை ஒன்றை வாங்க வேண்டிய நிலைமை. நாடிழந்த மன்னரும் நிலமில்லாத வீரரும் தங்கள் வாழ்நாளில் சந்தித்ததாகத் தெரியவில்லை. ஆனால் 23 ஆண்டுகள் கழித்து, 1189இல், அந்த மன்னரின் பேத்தியை அந்த வீரர் லண்டனில் மணந்துகொண்டார். பேத்தியோடு லென்ஸ்டரும் அவர் கைக்கு வந்தது.

இடைக்கால ஐரோப்பாவில் ஆட்சியாளர்கள் நாடிழப்பதும், கீழ்நிலையில் இருந்தவர்கள் பிரபுக்களாக உயர்வதும் தனித்தனிக் கதைகளாகவே சொல்லப்படுகின்றன. முன்னது துயரக் கதையாகவும் பின்னது வீரக் கதையாகவும் நம் மனத்தில் பதிந்துவிட்டது. லென்ஸ்டரின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே வாசல் வழியாக நடந்தவை என்பது புலப்படும். அந்த வாசல் ஒரு பெண்ணின் திருமணம். ஒருவர் வெளியே போகும்போது திறந்த கதவில்தான் இன்னொருவர் உள்ளே நுழைந்தார்.

டெர்மட் ஏன் துரத்தப்பட்டார் என்பதற்கு மக்களிடையே புழங்கும் விளக்கம் ஒன்று உண்டு. 1152இல் அவர் பிரெஃப்னி நாட்டு மன்னர் டியர்னன் ஓ ரூர்க்கின் மனைவி டெர்வோர்கில்லாவைக் கவர்ந்து சென்றார், அந்தப் பழியே அவரை வீழ்த்தியது என்பார்கள். காப்பியத்துக்குப் பொருத்தமான காரணம்தான். ஆனால் கவர்ந்து சென்றதற்கும் துரத்தப்பட்டதற்கும் இடையே 14 ஆண்டுகள் உருண்டோடியிருக்கின்றன. அந்த அரசி அப்போதே நாற்பதைக் கடந்தவர். அடுத்த ஆண்டே திரும்பிச் சென்றுவிட்டார். 1157இல் மெல்லிஃபாண்ட் மடாலயத்தின் திருநிலைப்படுத்தலின்போது 60 அவுன்சு பொன் கொடை அளிக்கும் அளவுக்குச் செல்வாக்கோடுதான் வாழ்ந்தார். உண்மையான காரணம் அயர்லாந்தின் அரசியல் அமைப்பில் இருந்தது. நாடு பல மன்னர்களிடம் பிரிந்து கிடந்தது. அவர்களுக்கு மேலே 'பேரரசர்' என்ற பட்டத்துக்கு இரண்டு மூன்று குலங்கள் ஓயாமல் போட்டியிட்டன. டெர்மட் வடபுலத்து மக்லாக்லினின் அணியில் இருந்தார். 1166இல் மக்லாக்லின், தாமே பாதுகாப்பு உறுதி அளித்திருந்த உல்ஸ்டர் மன்னரின் கண்களைக் குருடாக்கியதும், வாக்குப் பிறழ்ந்தவர் என்று சொல்லி அவருடைய துணைவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், அவர் கொல்லப்பட்டார். கானாக்ட் நாட்டு ரோரி ஓ கானர் பேரரசராக எழுந்தார். தலைவர் சாய்ந்ததும் அவரை நம்பியிருந்த டெர்மட்டின் தலைக்கும் கத்தி வந்தது. பழைய வஞ்சத்தை மறக்காத ஓ ரூர்க் அந்தக் கத்தியைப் பிடித்தவர்களில் முன்னால் நின்றார் என்பது மட்டுமே டெர்வோர்கில்லா கதையில் உள்ள மெய்.

நாடிழந்த மன்னரிடம் என்ன மிச்சம் இருக்கும்? படை இல்லை, வரி வருமானம் இல்லை, உடன்வந்த சிலரைத் தவிர ஆள்பலமும் இல்லை. இருப்பது ஓர் உரிமைக்கோரல் மட்டும். அதை விலைக்கு எடுத்துக்கொள்ள யாராவது முன்வந்தால்தான் அது சொத்து. இல்லாவிட்டால் வெறும் நினைவு. இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு உதவும். டெர்மட்டுக்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்து, ஜெர்மானியப் பேரரசின் மிகப் பெரிய பிரபுவான 'சிங்கம்' ஹென்றி, சாக்சனி, பவேரியா ஆகிய இரு டியூக் பதவிகளையும் இழந்து நாடுகடத்தப்பட்டார். அவர் நேராகப் போன இடம் மாமனார் வீடு. அந்த மாமனார் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி. அங்கே மரியாதையோடு வாழ்ந்தார். அங்கே 1184இல் வின்செஸ்டரில் பிறந்த மகனின் கால்வழியினர்தாம் பிற்காலத்தில், 1714இல், இங்கிலாந்தின் அரியணையிலேயே அமர்ந்தார்கள். சிங்கம் ஹென்றி தம் திருமண உறவை நல்ல காலத்திலேயே தேடி வைத்திருந்தார். டெர்மட்டுக்குக் கடலுக்கு அப்பால் மாமனாரும் இல்லை, மருமகனும் இல்லை. ஆகவே உறவைக் கெட்ட காலத்தில், அதற்குரிய அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

டெர்மட் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த துறைமுகம் பிரிஸ்டல். அங்கே அவருக்கு இடம் கொடுத்தவர் ராபர்ட் ஃபிட்ஸ் ஹார்டிங். இந்த மனிதரைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும், ஏனெனில் இந்தக் கதை முழுவதையும் சின்ன அளவில் அவர் முன்பே வாழ்ந்து முடித்திருந்தார். அவர் பிரிஸ்டலின் பெருவணிகர். 1135 முதல் இங்கிலாந்தை உலுக்கிய வாரிசுப் போரில், பின்னாளில் இரண்டாம் ஹென்றியாக முடிசூடிய இளைஞரின் தரப்புக்குப் பணம் கொடுத்து உதவினார். அந்தப் போரில் தவறான பக்கம் சாய்ந்ததாகக் கருதப்பட்ட ராஜர் என்பவரிடமிருந்து பெர்க்லி என்ற பெரும் நிலப்பரப்பைப் பறித்து, ஹென்றி இந்த வணிகருக்கு அளித்தார். பறிகொடுத்த குடும்பம் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. கடைசியில் ராபர்ட்டின் வீட்டிலேயே சமரச உடன்படிக்கை எழுதினார்கள்: ராஜரின் மகளை ராபர்ட்டின் மகன் மணப்பது, ராபர்ட்டின் மகளை ராஜரின் மகன் மணப்பது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த பிறகு, நிலம் பறிக்கப்பட்ட கதை குடும்பக் கதையாகி அடங்கிவிட்டது. வணிகரின் பேரன்கள் பழைய பிரபுவின் பேரன்களாகவும் பிறந்தார்கள். பெர்க்லி கோட்டையில் அந்தக் குடும்பம் இன்றும் வசிக்கிறது. நாடிழந்து வந்த மன்னர் ஒருவருக்கு, வணிகத்திலிருந்து பிரபுவாக உயர்ந்த ஒருவர் விருந்தோம்பினார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்பதை அந்த வீட்டைப் போல் தெளிவாகக் கற்றுத்தரக்கூடிய இடம் அப்போது இங்கிலாந்தில் வேறு இருந்திருக்காது.

பிரிஸ்டலிலிருந்து டெர்மட் இரண்டாம் ஹென்றியைத் தேடிப் புறப்பட்டார். ஹென்றி ஒரே இடத்தில் தங்குபவர் அல்லர். கடைசியில் தென்பிரான்சின் அக்விடேன் பகுதியில்தான் அவரைக் காண முடிந்தது. அதற்கு முன்பு 1165இல் ஹென்றி வேல்ஸ்மீது படையெடுத்தபோது, அப்போது டெர்மட்டின் மேலாண்மையில் இருந்த டப்ளினின் கப்பல்கள் அவருக்கு உதவியாகச் சென்றிருந்தன. அந்தப் பழைய கடனும் டெர்மட்டின் கணக்கில் இருந்தது. டெர்மட் மண்டியிட்டு ஹென்றியின் மேலாண்மையை ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு கடிதம். தம் ஆட்சிக்கு உட்பட்ட ஆங்கிலேயர், நார்மன்கள், வெல்ஷ்காரர்கள், ஸ்காட்டுகள் ஆகியோரில் யார் விரும்பினாலும் இந்த மன்னருக்கு உதவலாம் என்பது அதன் சாரம். ஹென்றிக்கு இதில் ஒரு காசு செலவில்லை. தோற்றால் நட்டம் போனவர்களுக்கு, வென்றால் மேலாண்மை தமக்கு. அந்தக் காலத்து அரசர்கள் நாடிழந்தோரை ஆதரித்ததற்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய கணக்கே இருந்திருக்கிறது. இரக்கத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கடிதம் கையில் இருந்தும் ஆள் வரவில்லை. நிலமும் பதவியும் நிறைந்தவர்கள் கடல் தாண்டிப் போய் முன்பின் தெரியாத மன்னருக்காக ஏன் சாக வேண்டும்? வரக்கூடியவர்கள் வேறு வகையினர்: பிறப்பால் உயர்ந்தும் கையில் ஒன்றும் இல்லாதவர்கள், அல்லது இருந்ததை இழந்தவர்கள். அவர்களில் தலையானவர் ரிச்சர்ட் டி கிளேர். வரலாற்றில் ஸ்ட்ராங்போ என்றே நிலைத்துவிட்டவர். அவருடைய தந்தையை 1138இல் ஸ்டீஃபன் மன்னர் பெம்ப்ரோக்கின் ஏர்ல், அதாவது பெரும்பிரபு, ஆக்கினார். 1148இல் தந்தை இறந்ததும் பட்டம் மகனுக்கு வந்தது. ஆனால் ஸ்டீஃபனின் பகைத்தரப்பான ஹென்றி அரியணை ஏறியதும் அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டார். வேல்ஸ் எல்லையில் ஸ்ட்ரிகுல் என்னும் பிரபுத்துவம் மட்டும் ஸ்ட்ராங்போவிடம் எஞ்சியது. நடுவயதைத் தொட்டும் மணமாகவில்லை. கடன் கழுத்தைப் பிடித்தது. அயர்லாந்துப் பயணத்துக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்காக குளாஸ்டர் நகர யூத வட்டிக்காரர் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது அரசின் கணக்குச் சுருளில் பதிவாகியுள்ளது. கடன் வாங்கித்தான் படை திரட்டினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆக, சொந்த நாட்டுக்குள்ளேயே ஒருவகையில் நாடிழந்தவர் ஸ்ட்ராங்போ. டெர்மட் அவருக்குச் சொன்ன விலை பெரியது: என் மகள் ஈஃபாவை மணந்துகொள்ளுங்கள், எனக்குப் பின் லென்ஸ்டர் உங்களுக்கு.

இந்த வாக்குறுதியில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அயர்லாந்தின் மரபுச் சட்டத்தில் ஒரு மன்னர் தம் நாட்டை மகளுக்கோ மருமகனுக்கோ எழுதிக்கொடுக்க முடியாது. அரசுரிமை ஒரு குலத்துக்கு உரியது. பொதுவான கொள்ளுப்பாட்டன் ஒருவரின் ஆண்வழியில் வந்தவர்களுக்குள் தகுதியும் வலிமையும் உள்ளவர் அதைக் கைப்பற்றுவார். பெண் நிலத்தை ஆயுட்காலம்வரை அனுபவிக்கலாமே தவிர, அரசுரிமையைக் கணவனிடம் கொண்டு சேர்க்கும் பாலமாக இருக்க முடியாது. நார்மன் சட்டம் வேறு: மகன்கள் இல்லாவிட்டால் மகள் வாரிசு, மகளை மணந்தவர் அவளுடைய நிலத்துக்கு அதிபதி. டெர்மட்டின் சொல் அயர்லாந்துக்காரரின் காதில் ஒரு போர்த்துணைவனுக்குக் கொடுத்த பெண்ணாகவும், நார்மன் காதில் நாட்டையே மாற்றி எழுதிய பத்திரமாகவும் கேட்டிருக்கும். ஆனால் இதிலும் ஓர் உள்முடிச்சு உண்டு. நார்மன் சட்டத்தின்படி பார்த்தாலும் ஈஃபா வாரிசு ஆக முடியாது, ஏனென்றால் அவருக்கு உடன்பிறந்த ஆண்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஈன்னாவை 1168இல் அண்டை நாட்டு மன்னர் குருடாக்கினார். உடற்குறை உள்ளவர் மன்னராக முடியாது என்பது அயர்லாந்து வழக்கம். ரோரியிடம் பிணையாகக் கொடுக்கப்பட்டிருந்த கானர், தந்தை வாக்குத் தவறியதற்காக 1170இல் கொல்லப்பட்டார். டோனல் கவனா ஒருவர் எஞ்சினார். அவர் பிறப்பைத் திருச்சபையின் சட்டம் ஏற்காது என்பது நார்மன்களுக்கு வசதியாக அமைந்தது. எந்தச் சட்டத்தின்படியும் செல்லாத ஒரு வாக்குறுதி, மகன்களின் அழிவாலும் வாள்வலிமையாலும்தான் செல்லுபடியானது.

போரின் போக்கை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. 1167இல் டெர்மட் சிறு படையோடு திரும்பினார், தோற்றார், ஓ ரூர்க்குக்குப் பழைய அவமானத்துக்கு ஈடாக 100 அவுன்சு பொன் செலுத்தித் தம் மூதாதையர் நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். 1169 மே மாதம் ராபர்ட் ஃபிட்ஸ் ஸ்டீஃபன், சுமார் 30 நைட்டுகள், 60 கவசவீரர்கள், 300 வில்லாளிகளோடு பானோ கடற்கரையில் இறங்கினார், வெக்ஸ்ஃபோர்டு விழுந்தது. 1170 ஆகஸ்ட் 23இல் ஸ்ட்ராங்போ ஏறத்தாழ 200 நைட்டுகளோடும் ஆயிரம் பிற வீரர்களோடும் வந்தார். இரண்டே நாளில் வாட்டர்ஃபோர்டு சூறையாடப்பட்டது. பிணங்கள் அகற்றப்பட்டனவோ இல்லையோ, அந்த ஊரிலேயே ஈஃபாவுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. செப்டம்பர் 21இல் டப்ளினும் வீழ்ந்தது. இவ்வளவையும் மீட்ட டெர்மட் அதை அனுபவிக்கவில்லை. 1171 மே மாதத் தொடக்கத்தில் தம் தலைநகரான ஃபெர்ன்சில் இறந்தார்.

முதலில் வந்திறங்கிய அந்த 1169ஆம் ஆண்டுக் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராபர்ட் ஃபிட்ஸ் ஸ்டீஃபனும் அவருடைய அண்ணன் தம்பி முறையினரும் ஒரே தாயான வெல்ஷ் இளவரசி நெஸ்ட்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நார்மன் தந்தையருக்கும் வெல்ஷ் தாய்க்கும் பிறந்த அவர்களை இரு தரப்பும் முழுமையாகத் தம்மவர் என்று சொல்லவில்லை. ராபர்ட் வெல்ஷ் இளவரசர் ரீஸின் சிறையில் கிடந்தவர். அயர்லாந்துக்குப் போவதாகச் சொன்ன பிறகே விடுவிக்கப்பட்டார். நாடிழந்த மன்னரை நம்பிக் கடல் தாண்டிய இவர்களுக்குக் கிடைத்த பயன் சமமாக இல்லை. ராபர்ட்டுக்கு வாக்களிக்கப்பட்ட வெக்ஸ்ஃபோர்டை ஹென்றி தமக்கே எடுத்துக்கொண்டார். அவருடைய ஒருதாய்ச் சகோதரர் மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் வழியினரோ பிற்காலத்தில் கில்டேர், டெஸ்மண்ட் ஆகிய ஏர்ல் பதவிகளைப் பெற்று அயர்லாந்தையே ஆட்டிவைத்தார்கள். உயர்வுக்கான பாதை திறந்திருந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அந்தப் பாதையில் நடந்தவர்களில் ஒருவருக்கு மிகுதியும் இன்னொருவருக்குக் குறைவும் கிடைத்ததற்குத் தகுதி அளவுகோலாக இருந்ததாகத் தெரியவில்லை.

மாமனார் இறந்ததும் ஸ்ட்ராங்போ லென்ஸ்டரை ஆளத் தொடங்கியபோதுதான் ஹென்றிக்கு ஆபத்து உறைத்தது. தம்மால் ஏர்ல் என்று அழைக்க மறுக்கப்பட்ட ஒருவர், அண்டை நாட்டில் மன்னராகவே அமர்ந்துவிட்டால்? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையில், இப்போது பெரிய பிடாரியே புறப்பட்டது. 1171 அக்டோபர் 17இல் ஹென்றி பெரும் கப்பற்படையோடு வாட்டர்ஃபோர்டு அருகே வந்திறங்கினார். ஸ்ட்ராங்போ அதற்கு முன்பே பணிந்துவிட்டார். டப்ளின், வெக்ஸ்ஃபோர்டு, வாட்டர்ஃபோர்டு ஆகிய துறைமுக நகரங்களைத் தமக்கு வைத்துக்கொண்டு, மிச்சமுள்ள லென்ஸ்டரை 100 நைட்டுகளின் போர்ச்சேவைக்கு ஈடாக ஸ்ட்ராங்போவுக்கு ஹென்றி மானியமாக வழங்கினார். டெர்மட்டின் வாக்குறுதி அந்தக் கணத்தில் தேவையற்றதாகிவிட்டது. ஈஃபாவின் கணவர் என்பதால் வந்த நாடு, இங்கிலாந்து மன்னரின் கையொப்பத்தால் மீண்டும் ஒருமுறை வழங்கப்பட்டது. வழங்கியவர் பறிக்கவும் முடியும் என்பது அதில் எழுதப்படாத விதி. டெர்மட்டை விரட்டிய ரோரி ஓ கானரின் முடிவும் வேறாக இல்லை. 1175இல் வின்ட்சரில் ஹென்றியோடு உடன்படிக்கை செய்துகொண்ட அவர், பின்னர் சொந்த மகனாலேயே ஒதுக்கப்பட்டு, 1198இல் காங் மடாலயத்தில் இறந்தார். அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் என்று பொதுவாக அவரையே குறிப்பிடுகிறார்கள்.

1176இல் ஸ்ட்ராங்போ டப்ளினில் இறந்தார். ஆண்பிள்ளை கில்பர்ட் பருவம் எய்தும் முன்பே 1185 வாக்கில் மறைந்தான். எஞ்சியவர் இசபெல் என்ற சிறுமி. 1167இல் செல்லாக் காசாக இருந்த மகள்வழி உரிமை, இந்தச் சிறுமியிடம் வந்தபோது எந்தக் குறையும் இல்லாத சட்ட உரிமையாகியிருந்தது: உடன்பிறந்தான் இல்லை, நிலம் மன்னர் வழங்கியது, அவர் ஒரே வாரிசு. அதனாலேயே அவர் மன்னரின் பாதுகாவலில் லண்டன் கோட்டையில் வைக்கப்பட்டார். பாதுகாவல் என்பது அழகான சொல். பெரிய பிரபு ஒருவர், தம் வாரிசு பருவமடையும் முன் இறந்தால், பிள்ளைகளின் நிலவருமானமும் அவர்களுடைய திருமண உரிமையும் மன்னருக்குப் போகும். மன்னர் அதை விற்கலாம், கொடுக்கலாம், காக்க வைக்கலாம். 1185இல் ஹென்றியின் அதிகாரிகள் 12 மாவட்டங்களில் சுற்றி, மன்னரின் கையில் உள்ள கைம்பெண்கள், தந்தையற்ற வாரிசுகள் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்தார்கள். அதில் ஒவ்வொருவரின் வயது, பிள்ளைகள், நிலத்தின் ஆண்டு மதிப்பு, அதில் உள்ள ஆடுமாடுகள்வரை குறிக்கப்பட்டிருக்கின்றன. சந்தைக்கு வந்த சரக்கின் விவரப் பட்டியல் என்று படித்தால் வியப்பில்லை. மன்னரிடம் கொடுப்பதற்குப் புதிய நிலம் தீர்ந்துபோன காலத்தில், வாரிசுப் பெண்களே அவருடைய கருவூலம்.

இனி வில்லியம் மார்ஷலிடம் வருவோம். அவருடைய பெயரைச் சொல்லும்போதெல்லாம் 'ஒன்றுமில்லாமையிலிருந்து உயர்ந்தவர்' என்பது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை. அவருடைய தந்தை ஜான், அரசவையில் மார்ஷல் என்னும் பரம்பரைப் பதவி வகித்தவர். தாய் சாலிஸ்பரி ஏர்லின் சகோதரி. ஆனால் அவர் நான்காவது மகன். தலைச்சன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் முறையில் நான்காவது மகனுக்கு மிஞ்சுவது பிறப்பின் பெருமையும் குதிரையேற்றப் பயிற்சியும்தான். 1152இல் நியூபரி முற்றுகையின்போது, ஐந்து வயதுச் சிறுவனான அவரைத் தந்தை ஸ்டீஃபன் மன்னரிடம் பிணையாகக் கொடுத்துவிட்டு வாக்கை மீறினார். மகனைத் தூக்கிலிடுவோம் என்று மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கச் சுத்தியலும் பட்டடையும் என்னிடம் இருக்கின்றன என்று தந்தை பதில் சொன்னாராம். வில்லியமின் மறைவுக்குப் பின் அவருடைய மூத்த மகன் எழுதச் செய்த 19,000 வரிகளுக்கு மேற்பட்ட பிரெஞ்சுச் செய்யுள் வரலாறு இதைச் சொல்கிறது. நான்காம் மகனின் சந்தை மதிப்பை இதைவிடச் சுருக்கமாகக் கூற முடியாது. ஸ்டீஃபனுக்கு மனம் வரவில்லை, சிறுவன் பிழைத்தான்.

1168இல் மாமன் சாலிஸ்பரி ஏர்ல் பதுங்கித் தாக்கியோரால் கொல்லப்பட்ட சண்டையில் வில்லியம் சிறைப்பட்டார். இரண்டாம் ஹென்றியின் மனைவி ராணி எலினார் மீட்புப் பணம் கொடுத்து விடுவித்தார். 1170இல் அவர்களுடைய மகன் இளவரசர் ஹென்றியின் குழாமில் இடம் கிடைத்தது. பிறகு வந்தவை வடபிரான்சின் குதிரைவீரர் போட்டிகள். இவை கேளிக்கை என்று நாம் நினைப்பது போல் இல்லை. வயல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக நடந்த போலிப் போர்கள். பிடிபட்டவர் தம் குதிரையையும் கவசத்தையும் இழப்பார், மீட்புப் பணமும் கொடுப்பார். வில்லியமும் ஒரு கூட்டாளியும் பங்கு பேசிக்கொண்டு சுற்றியதில், பத்து மாதங்களில் 103 நைட்டுகளைப் பிடித்தார்கள். இளவரசரின் சமையற்கூடத்து எழுத்தர் அந்தக் கணக்கை எழுதி வைத்திருந்தார். வீரத்தின் உச்சம் என்று பாடப்பட்ட வாழ்க்கையைச் சமையற்கூடக் கணக்கர் கணக்கெடுத்தார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் இத்தனை வெற்றியும் அவருக்கு நிலத்தைத் தரவில்லை. போட்டிக்களம் பணத்தையும் பெயரையும் தந்தது; அவை ஒரு நல்ல வீரரை மன்னரின் கண்ணில் படச் செய்தன, அதோடு நின்றன. நாற்பது வயதைத் தொடும்வரை அவர் கூலிக்கு வேலை செய்யும் வீரர்தான்.

1183இல் இளவரசர் இறந்ததும் அவருக்காகப் புனித நாட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு, இரண்டாம் ஹென்றி அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு வடஇங்கிலாந்தில் கார்ட்மெல் என்ற நிலத்தையும், ஹெலோயிஸ் என்ற வாரிசுப் பெண்ணின் பாதுகாவலையும் கொடுத்தார். அவரை மணந்திருந்தால் நடுத்தரப் பிரபுவாக வாழ்ந்து முடிந்திருப்பார். மணக்கவில்லை, காத்திருந்தார். இதுவே அவருடைய வாழ்க்கையில் எடுத்த ஆகச் சிறந்த முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பிடித்த நைட்டுகளைப் பற்றிப் பேசுபவர்கள் மறுத்த பெண்ணைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. 1189இல் மகன் ரிச்சர்டின் கலகத்தில் சிக்கித் தவித்த ஹென்றி, தம்மைக் கைவிடாதவருக்கு இசபெல்லைத் தருவதாக வாக்களித்தார். லெ மான் நகரிலிருந்து மன்னர் பின்வாங்கியபோது, துரத்தி வந்த ரிச்சர்டின் குதிரையை ஈட்டியால் குத்தி வீழ்த்தினார் வில்லியம். சில வாரங்களில் ஹென்றி இறந்தார். குதிரை இழந்தவர் மன்னரானார். தண்டனையை எதிர்பார்த்து நின்றவருக்கு ரிச்சர்ட் அதே வாக்குறுதியை உறுதிசெய்தார். விசுவாசம் என்பது விலை உள்ள பொருள் என்று புதிய மன்னருக்கும் தெரிந்திருந்தது. ஆகஸ்டில் லண்டனில் திருமணம். மணமகன் நாற்பதைக் கடந்தவர், மணமகளுக்குப் பதினேழு வயது இருக்கலாம். அவரோடு வந்தவை: ஸ்ட்ரிகுலின் 65½ நைட் மானியங்கள் (ஒரு நைட்டின் போர்ச்சேவைக்கு ஈடாக வழங்கப்படும் நில அளவு ஒரு மானியம்), நார்மண்டியிலும் இங்கிலாந்திலும் உரிமைகள், லென்ஸ்டர். 1199இல் ஜான் மன்னர் தம் முடிசூட்டு நாளில் வில்லியமுக்குப் பெம்ப்ரோக்கின் ஏர்ல் என்று வாள் கட்டினார். ஸ்ட்ராங்போவுக்கு வாழ்நாள் முழுவதும் மறுக்கப்பட்ட பட்டம், அவருடைய மகளின் கணவருக்கு வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட உயர்வை அன்றைய சமூகம் எப்படிப் பார்த்தது? முதலாம் ஹென்றி புழுதியிலிருந்து ஆட்களைத் தூக்கிவிட்டார் என்று ஒரு துறவி எழுதியது புகழ்பெற்றது; அதில் ஏளனம் கலந்திருந்தது. ஜெர்மானியப் பேரரசில் இன்னும் விசித்திரம்: அங்கே சட்டப்படி சுதந்திரமற்ற ஊழியர்களாக இருந்தோரே கோட்டை காத்தார்கள், படை நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான மார்க்வார்டு என்பவரைப் பேரரசர் ஆறாம் ஹென்றி 1195இல் விடுதலை செய்து, ரவென்னாவின் டியூக் ஆக்கினார். அவரோடு ஒப்பிட்டால் வில்லியம் ஏறிய படிகள் குறைவு. என்றாலும் வில்லியமின் உயர்வு நிலைத்தது, மார்க்வார்டின் உயர்வு அவரோடு போயிற்று. மன்னரின் தயவால் வந்த பதவி மன்னர் மாறினால் போகும். வாரிசுப் பெண்ணோடு வந்த நிலம் பிள்ளைகளின் இரத்தத்தில் கலந்துவிடும்.

இதை வில்லியமைப் போல் உணர்ந்தவர் வேறு யாரும் இல்லை. 1207இல் ஜான் மன்னரின் அழைப்பை ஏற்று இங்கிலாந்துக்குப் போக வேண்டிய நிலை ஏற்பட்டது. அழைப்பில் சூழ்ச்சி இருப்பது அவருக்குத் தெரியும். லென்ஸ்டரின் பிரபுக்களைக் கில்கென்னிக் கோட்டையில் கூட்டி, கருவுற்றிருந்த இசபெல்லின் கையைப் பிடித்து அழைத்துவந்து நிறுத்தினார். 'இவர் உங்கள் பிறப்புரிமைத் தலைவி. உங்களுக்கு நிலம் வழங்கிய ஏர்லின் மகள். இங்கே எனக்கென்று இருப்பது எல்லாம் இவர் வழியாக வந்ததே' என்ற பொருளில் அவர் பேசியதாக அந்தச் செய்யுள் வரலாறு சொல்கிறது. பல நைட் வீரர்களைத் தனியாக எதிர்கொள்ளத் தயங்காதவர், தம் அதிகாரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது மனைவியைச் சுட்டிக்காட்டினார். கவனிக்க வேண்டியது, அவர் ஸ்ட்ராங்போவின் பெயரைச் சொன்னார், டெர்மட்டின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே கூடியிருந்தவர்கள் ஸ்ட்ராங்போவிடம் நிலம் பெற்ற குடியேறிகள். நாடிழந்து வந்து அவர்களை அழைத்துச் சென்ற மன்னரை நினைவூட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

1216இல் ஜான் இறந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவனான மூன்றாம் ஹென்றியின் சார்பில் இங்கிலாந்தை ஆளும் பொறுப்பு வில்லியமிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுபதை எட்டிய வயதில் 1217இல் லிங்கனில் பிரெஞ்சுப் படையை முறியடித்து, 1219 மே 14இல் இறந்தார். லண்டனில் டெம்பிள் தேவாலயத்தில் அவருடைய கல்லுருவம் இருக்கிறது. இசபெல் அடுத்த ஆண்டே மறைந்தார். அவர்களுக்கு ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். மகன்கள் ஐவரும் ஒருவர்பின் ஒருவராக ஏர்ல் ஆனார்கள்; ஐவரும் சட்டப்படியான பிள்ளையின்றி 1245க்குள் இறந்தார்கள். ஃபெர்ன்சின் ஆயருக்குரிய இரு நிலங்களை வில்லியம் பறித்துக்கொண்டதால் ஆயர் விட்ட சாபம் பலித்தது என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதிவைத்தார். ஃபெர்ன்ஸ் டெர்மட்டின் தலைநகர், அவர் இறந்த ஊர். லென்ஸ்டர் ஐந்து துண்டாகி, ஐந்து மகள்களின் வழியினருக்குப் போயிற்று; மறுபடியும் மகள்வழியே.

அந்த ஐவரில் ஒருவர் தாயின் பெயரையே கொண்ட இசபெல். அவருடைய மகள் ஸ்காட்லாந்தின் புரூஸ் குடும்பத்தில் மணம் முடித்தார். அந்த மகளின் பேரன் ராபர்ட் புரூஸ். 1306 மார்ச்சில் ஸ்கோனில் முடிசூடிய அவர், ஜூனில் மெத்வெனில் தோற்று, சில துணைவர்களோடு மேற்குத் தீவுகளின் பக்கம் தப்பி ஓடி, அந்தக் குளிர்காலம் முழுவதும் மறைந்து வாழ்ந்தார். அடுத்த ஆண்டு திரும்பிவந்து நாட்டை மீட்கத் தொடங்கினார். அவருடைய தம்பி எட்வர்டு 1315 மே மாதம் உல்ஸ்டர் கரையில் ஒரு படையோடு இறங்கி, அயர்லாந்தின் மன்னராகத் தம்மை அறிவித்துக்கொண்டார். 1318 அக்டோபர் 14இல் ஃபாகார்ட்டில் கொல்லப்பட்டார். 150 ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவிலிருந்து துரத்தப்பட்ட டெர்மட் மக்மரோவின் இரத்தம் அண்ணன் தம்பி இருவர் உடலிலும் ஓடியது.